ஐயுறும் அறிவு அடுத்தவர்க்கு மட்டுமா?



இக்கட்டுரையைப் பகுத்தறிவு இயக்கத்தின் பகைவன் எழுதவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகப் பகலில் வகுப்பறையில் தமிழும், மாலையில் மன்ற மேடைகளில் தமிழ்மானமும் பகுத்தறிவும் பேசிவரும் ஒரு பள்ளித் தமிழாசிரியன் எழுதுகின்றேன். குறி சொல்பவனையும் பேயோட்டுபவனையும் நாள்பார்த்து மணம் முடிப்பவனையும் எள்ளி நகையாடிக் கைதட்டல் வாங்கியவன் யான். அக்கைதட்டலின் ஆரவாரத்தில், நம் வீட்டுக்குள்ளேயே எழுந்த ஓர் அழுகுரலைக் கேளாது விட்டவனும் யானே. ஆகலின் இஃது ஒரு குற்றச்சாட்டு. என் பங்கிற்கு ஓர் ஒப்புதலும் ஆகும்.

நடந்ததைச் சொல்கின்றேன். ஊர்ப் பெயரும் மன்றத்தின் பெயரும் வேண்டா. வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் இடைப்பட்ட தோல்நிலத்தில் ஓரிடம் என்று கொள்க. காலணித் தொழிற்சாலையில் தையற்பொறியின்முன் நாளெல்லாம் குனிந்திருக்கும் ஒரு பெண். என்னிடம் தமிழ் படித்தவர். தந்தை தோல் பதனிடும் சாலையில் சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்தவர். அப்பெண் என் சொற்பொழிவைக் கேட்டுத்தான் மன்றத்திற்கு வந்தார். வேலை முடிந்த பின்னர் நூல் விற்றார். கூட்டத்திற்கு ஆள் திரட்டினார். தம்மோடு வேலை செய்யும் பெண்கள் நால்வரையும் அழைத்து வந்தார். மன்றப் பொறுப்பாளர் ஒருவர், கூட்டம் முடிந்து திரும்பும் வழியிலும், இரவில் தொலைப்பேசியிலும், வேண்டா என்று சொல்லியும் விடாமல், அவரிடம் முறைகேடாக நடந்துகொண்டார். அப்பெண் அஞ்சி ஒளியவில்லை. பகுத்தறிவு இயக்கம் அல்லவா, முறையிட்டால் கேட்பார்கள் என்று நம்பி எழுத்தில் முறையிட்டார்.

செயற்குழுவில் அமர்ந்திருந்தோர் எழுவர். எழுவரும் ஆடவர். அவர்களுள் யானும் ஒருவன். அம்மடலைக் குற்றஞ் சாட்டப்பட்டவரை அருகில் வைத்துக்கொண்டே படித்தார்கள். “அந்நேரத்தில் அவர் வண்டியில் ஏன் ஏறினாய்?” என்றார் ஒருவர். “சான்று உண்டா?” என்றார் மற்றொருவர். “வெளியே தெரிந்தால் எதிரிக்கு நாமே படைக்கலம் எடுத்துக் கொடுத்ததாகும்” என்றார் மூத்தவர். இறுதியில், அவருடைய ஆசிரியர் என்னும் உரிமையில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். “கொஞ்சம் பொறுத்துக்கொள் அம்மா, இயக்கத்தின் நன்மையை எண்ணிப் பார்” என்றேன் யான்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஐயா, சாமியார் மடத்திலும் இதைத்தானே சொல்வார்கள்?” என்றார். எழுந்து போய்விட்டார். அவரோடு அந்நால்வரும் போய்விட்டனர்.

அப்பொறுப்பாளர் என்ன ஆனார்? அடுத்த ஒன்றியத்திற்கு மாற்றப்பட்டார். அங்கும் பொறுப்பாளராகத்தான்.

இரண்டு அளவுகோல்

அப்பெண் கேட்ட வினாவிற்கு அன்று என்னிடம் விடையில்லை. இன்றும் இல்லை. ஏனெனில் அவர் சொன்னது உண்மை.

எண்ணிப் பாருங்கள். ஒரு மடத்தில், ஒரு வழிபாட்டு மன்றத்தில், தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்பவன் ஒருவனின் குடிலில் ஒரு பெண் முறையிட்டால் நாம் என்ன செய்கின்றோம்? “நெருப்பின்றிப் புகையா?” என்று சுவரொட்டி ஒட்டுகின்றோம். அடியார்கள் அப்பெண்ணைப் பழித்தால், “பாருங்கள் குருட்டு நம்பிக்கையின் கொடுமையை” என்று முழங்குகின்றோம். அமெரிக்க நாட்டுப் பாசுட்டன் நகரில், குற்றம் புரிந்த குருமாரைக் கத்தோலிக்கத் திருச்சபை ஊர் மாற்றி ஊர் மாற்றி அனுப்பி மறைத்ததை அவ்வூர் நாளிதழ் 2002இல் வெளிக்கொணர்ந்தது. அதனை எத்தனை மேடைகளில் எடுத்துப் பேசியிருப்போம்! திருச்சபை செய்தது ஊர் மாற்றம். எம் மன்றம் செய்தது ஒன்றிய மாற்றம். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு யாரேனும் விளக்குவாராக!

கேரளத்தில் பிறந்து ஈழ நாட்டில் ஆசிரியராக வாழ்ந்த ஆபிரகாம் கோவூரை (1898–1978) நம் அன்பர்கள் அறிவர். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் மறைவாற்றல் எதனையேனும் செய்து காட்டுவார்க்கு ஓரிலக்கம் உருபா தருவதாக அறைகூவல் விட்டவர் அவர். அவ்வறைகூவலின் உயிர்நாடி பணம் அன்று. “ஏமாற்றுக்கு இடமில்லாத சூழல்” என்னும் கட்டுப்பாடே. சோதிக்கப்படுபவன் சோதனையை நடத்தக் கூடாது. அவனுடைய அன்பர் நடுவராதலும் கூடாது. பகுத்தறிவின் அரிச்சுவடி இது. இவ்வரிச்சுவடியை நாடெங்கும் கற்பிக்கும் நாம், நம் செயற்குழு அறையில் என்ன செய்தோம்? குற்றஞ் சாட்டப்பட்டவரை உடன் இருத்தி, அவருடைய இருபதாண்டு நண்பர்களை நடுவராக்கி, முறையிட்டவரைக் குறுக்குக் கேள்வி கேட்டோம். இதே முறையில் ஒரு சாமியார் தம்மைத்தாமே சோதித்துக்கொண்டு “யான் தூயன்” என்று அறிவித்திருந்தால் நாம் சிரித்திருக்க மாட்டோமா?

சான்றின்றி எவரையும் தண்டித்துவிட வேண்டும் என்று யான் கூறவில்லை. முறையீடெல்லாம் மெய்யென்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் பகுத்தறிவு ஆகாது. யான் கேட்பது உசாவல். நடுநிலையான, ஏமாற்றுக்கு இடமில்லாத உசாவல். அதனை மறுப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

எதிரி இருக்கின்றான் என்பது உண்மையே

“எதிரிக்குப் படைக்கலம் கொடுக்காதே” என்னும் சொல்லை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எதிரி கற்பனை அல்லன். குருட்டு நம்பிக்கை ஒழிப்புக்கு வாழ்நாளை ஈந்த நரேந்திர தபோல்கர் 2013 ஆகத்து 20ஆம் நாள் புனே நகரில் காலை உலா சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். கோவிந்த் பன்சாரே 2015 பிப்பிரவரியில் கோலாப்பூரில் சுடப்பட்டு இறந்தார். அவ்வாண்டே ஆகத்து 30இல் கன்னட அறிஞர் கல்புர்கி தார்வாட்டில் தம் வீட்டு வாயிலிலேயே கொல்லப்பட்டார். நம் நாட்டிலேயே, கோவையில், திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த பாரூக்கு என்னும் இளைஞர் கடவுண்மறுப்பைக் கடைப்பிடித்தமைக்காக 2017 மார்ச்சு 16இல் வெட்டிக் கொல்லப்பட்டார். மதம் எதுவாயினும் வெறிக்கு ஒரே நிறம்தான் என்பதை இக்கொலைகள் காட்டும்.

ஆனால் ஓர்ந்து பாருங்கள். இவர்கள் எதற்காக உயிர் ஈந்தார்கள்? கேட்கக்கூடாது என்று சொல்லப்பட்டதைக் கேட்டதற்காக. அவர்கள் சிந்திய குருதியை ஒரு திரையாக்கி, அத்திரைக்குப் பின்னால் ஒரு முறைகேடனை ஒளித்துவைப்பது அவர்களை இரண்டாம் முறை கொல்வது ஆகாதா? “வெளியே தெரிந்தால் நெறிக்கு இழுக்கு” என்று ஒவ்வொரு மடமும் ஒவ்வொரு திருச்சபையும் சொல்லியிருக்கின்றது. அச்சொல்லையே நாமும் சொன்னால், கடவுள் இல்லை என்று சொல்லும் மடம் ஒன்றை நடத்துகின்றோம் என்பதன்றி வேறென்ன?

எதிரிக்குப் படைக்கலமாவது பெண்ணின் முறையீடு அன்று. அதனை நாம் புதைத்த செய்திதான். முறையீடு உசாவப்பட்டுக் குற்றவாளி நீக்கப்பட்டிருந்தால், “பார், இவர்கள் தம் வீட்டையும் துப்புரவு செய்கிறார்கள்” என்று ஊர் சொல்லும். புதைத்தது ஒருநாள் நாறும். அந்நாளில் எதிரி வந்து தோண்ட வேண்டியதில்லை, காற்றே சொல்லிவிடும். தோல்நிலத்தில் வாழும் நமக்கு நாற்றத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டா.

வேலூர் மகளுக்கு நேர்ந்தது

இந்நோய் இன்று நேற்று வந்ததன்று. நம் வேலூர் மண்ணிலிருந்தே ஒரு சான்று காட்டுகின்றேன்.

வேலூரில் காந்திமதி என்றொரு பெண் இருந்தார். குடியேற்றத்துத் தனித்தமிழ்ச் சான்றோர் கு.மு. அண்ணல்தங்கோ அவர்க்கு “அரசியல்மணி” என்று தமிழ்ப்பெயர் சூட்டினார். அப்பெயரே சுருங்கி மணியம்மையார் ஆயிற்று. பெரியாரின் உடல்நலம் பேணவும் இயக்கப் பணியாற்றவும் இளமையிலேயே தம்மை ஒப்படைத்தவர் அவர். 1949 சூலை 9இல் பெரியார் அவரை மணந்தார். எழுபதை ஒட்டிய அகவையினர் பெரியார். முப்பதை ஒட்டியவர் அம்மையார். இயக்கத்தின் உடைமைக்கும் தொடர்ச்சிக்கும் சட்டவழி ஏற்பாடு இது என்று பெரியார் விளக்கினார். கழகம் பிளந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 17இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது.

அம்மணத்தைத் திறனாயக் கூடாதா? திறனாயலாம். கழகத்தின் எதிர்காலம் பற்றிய முடிவைக் கழகத்தவரைக் கலவாமல் தலைவர் ஒருவரே எடுக்கலாமா என்பது முறையான வினா. பெண்விடுதலைக்கு உழைத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோரும் அன்று பெரியாரைப் பிரிந்தனர். அவர்கள் பிரிந்ததில் கொள்கை இருந்தது. ஆயினும் வினா தொடுக்கப்பட வேண்டிய இடம் எது? முடிவெடுத்த தலைவர். பழி சென்று சேர்ந்த இடம் எது? அகவை நிரம்பிய, தன் விருப்பத்தால் மணந்த, ஒரு பெண்ணின் நடத்தை. பெண் தன் துணையைத் தானே தேர்க என்று ஊரூராய்த் தன்மானத் திருமணம் நடத்தி வைத்தவர்களின் நாவே, அப்பெண்ணைச் சொல்லத் தகாத சொற்களால் சுட்டது. மறுபுறம், வினாத் தொடுத்தவர்களின் கரணியத்தைக் கேட்டு விடையிறுக்காமல், “கண்ணீர்த் துளிகள்” என்று பெயரிட்டு ஒதுக்கியது தலைமை. ஒரு சாரார்க்குத் தலைவரை நேர்நின்று வினவத் துணிவில்லை. மற்றொரு சாரார்க்கு வினாவைக் கேட்கப் பொறுமையில்லை. இரண்டிற்கும் நடுவில் மிதிபட்டவர் வேலூர் மகள்.

அம்மையார் ஒன்றும் மறுமொழி பேசவில்லை; பணியால் காட்டினார். 1973 திசம்பர் 24இல் இதே வேலூரின் கிறித்தவ மருத்துவமனையில் பெரியார் மறைந்தார். அதன்பின் கழகத்தைத் தலைமையேற்று நடத்தி, நெருக்கடிநிலைக் காலத்தையும் தாங்கி, 1978 மார்ச்சு 16இல் தாம் மறையும்வரை கொள்கைக் கொடியைத் தாழ்த்தாது பிடித்தார். அவரைப் பழித்த நாக்குகளில் எத்தனை பின்னர் வருந்தின?

இவ்விடத்தில் இன்னொன்றும் நினைவிற்கு வருகின்றது. ஈ.வெ.இராமசாமி என்பார்க்குப் “பெரியார்” என்னும் பெயரை முறையாக வழங்கியது யார்? 1938 நவம்பர் 13இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. அதற்குத் தலைமை தாங்கியவர் மறைமலையடிகளாரின் மகளார் நீலாம்பிகை அம்மையார். தலைவர்க்குப் பெயரையே பெண்கள் தந்த இயக்கத்தில், எண்பது ஆண்டு கழிந்த பின்னும், ஒரு பெண் தன் பெயரைக் காத்துக்கொள்ள ஏழு ஆடவர்முன் நின்று கெஞ்ச வேண்டியுள்ளது.

மேலை நாட்டாரும் விலக்கல்லர்

இது தமிழனுக்கே உரிய குறை என்று எண்ணித் தலைகுனியவும் வேண்டா. மேலை நாட்டார் இதனைக் கடந்துவிட்டனர் என்று மயங்கவும் வேண்டா. 2011இல் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் கடவுண்மறுப்பாளர் உலக மாநாடு நடந்தது. இரெபெக்கா வாட்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் அதில் பேசினார். நள்ளிரவு கடந்து மின்தூக்கியில் தனியே இருந்தபோது ஓர் ஆடவர் தம்மை அவர் அறைக்கு அழைத்ததையும், அது தமக்கு ஒவ்வாததாய் இருந்ததையும் பின்னர் எடுத்துச் சொல்லி, “ஆடவர்களே, இப்படிச் செய்யாதீர்கள்” என்ற அளவில்தான் கேட்டுக்கொண்டார். அதற்கு அவர்மேல் பொழிந்த வசைமாரிக்கு அளவில்லை. உலகப் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் இரிச்சர்டு டாக்கின்சே, உலகில் இதனினும் கொடுந்துயர் படும் பெண்கள் இருக்க இஃதும் ஒரு குறையா என்னும் பொருள்பட எள்ளி எழுதினார். 2014இல் அவர் அதற்கு வருத்தம் தெரிவித்தார் என்பதையும் நயன்மை கருதிச் சொல்ல வேண்டும்.

கடவுளை மறுத்துவிட்டால் மாந்தனின் செருக்கும் உடன் மறைந்துவிடும் என்று நாம் எண்ணிவிட்டோம். மறையவில்லை. கடவுள் இருந்த இருக்கை வெறுமையாயிற்று. அதில் அறிவுச் செருக்கு ஏறி அமர்ந்துகொண்டது. “யான் பகுத்தறிவாளன், ஆகலின் யான் செய்வது பகுத்தறிவு” என்னும் எண்ணம் எந்தக் குருட்டு நம்பிக்கைக்கும் குறைந்ததன்று. குருட்டு நம்பிக்கையாளனுக்காவது தன் கடவுளிடம் ஓர் அச்சம் உண்டு. இவனுக்கு அதுவும் இல்லை.

தலைவர் சிலையும் தலைவர் சொல்லும்

இச்செருக்கு எங்கிருந்து பிறக்கின்றது? வினா எழாத இடத்திலிருந்து.

“யான் சொல்வதனால் ஏற்காதீர், உங்கள் அறிவுகொண்டு ஆய்ந்து, சரியெனப்பட்டால் மட்டும் ஏற்பீர்” என்பதை மேடைதோறும் சொல்லிவந்தவர் பெரியார். அவர் வழியினர் என்போர் செய்வது என்ன? சிலைக்கு மாலை, பிறந்த நாளுக்கு ஊர்வலம், அவர் கூற்றை மறுப்பவனுக்கு இரண்டகன் என்னும் பட்டம். தமிழைப் பற்றி அவர் சொன்ன கடுஞ்சொற்களை நாம் தனித்தமிழ் அன்பர்கள் மறுத்தபோது எத்தனை மன்றங்களில் நம்மை வாயடைத்தார்கள்! அவர் எழுத்துச் சீர்திருத்தத்தைப் போற்றிய வாயால் அவர் மொழிக்கருத்தை மறுக்க நமக்கு உரிமை உண்டா இல்லையா? உண்டு என்று அவரே சொல்லியிருப்பார். அவரைச் சுற்றி நின்றோர்தாம் இல்லை என்றனர்.

“குடி அரசு” இதழில் 1925 முதல் 1938 வரை வெளிவந்த பெரியாரின் எழுத்தையும் பேச்சையும் தொகுத்து வெளியிடப் பெரியார் திராவிடர் கழகம் முற்பட்டது. அதனைத் தடுக்கக் கோரிப் பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் சென்னை உயர் நயன்மன்றத்திற்குச் சென்றது. 2009இல் நயன்மன்றம் அத்தடையைத் தர மறுத்தது. உரிமைச் சட்டத்தின் நுணுக்கம் ஒருபுறம் இருக்கட்டும். எவர் வேண்டுமாயினும் படித்து எவர் வேண்டுமாயினும் வினவுக என்று எழுதியவரின் எழுத்து, எவர் கையில் இருக்க வேண்டும் என்று பகுத்தறிவாளர் இருசாராரும் வழக்காடிய காட்சியைக் கண்ட சாமியார்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்! மறைநூலுக்குக் காவலிருந்தவர்களை எதிர்த்த இயக்கம் அல்லவா இது!

வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குப் “பெரியாரைத் துணைக்கோடல்” என்றே பெயரிட்டார். அதன் கருத்து என்ன? இடித்துச் சொல்லும் சான்றோரைத் தன்னருகே வைத்துக்கொள்ளாத அரசன், கெடுக்க ஒருவரும் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்பதாம். தலைவனைப் புகழ்வோரைத் துணைக்கொள்க என்று அவ்வதிகாரத்தில் எங்கும் இல்லை.

சுண்ணாம்புக் குழி சொல்லும் பாடம்

தோல்நிலத்து அன்பர்க்கு ஒன்று சொல்கின்றேன். பச்சைத் தோல் குழிக்கு வந்ததும் என்ன செய்கின்றார்கள்? சுண்ணாம்பில் ஊறவைத்து வெளிப்புறத்து மயிரைக் களைகின்றார்கள். அத்தோடு நிறுத்துவதில்லை. தோலைப் புரட்டி உட்புறத்தில் ஒட்டியுள்ள தசையையும் சீவி எடுக்கின்றார்கள். உட்புறத்தைச் சீவாமல் எவ்வளவு நல்ல பட்டைச்சாற்றில் ஊறவைத்தாலும் தோல் தோலாகாது, அழுகும். நம் இயக்கம் வெளிப்புறத்தை மட்டும் வழித்துவிட்டு, பதம் வந்துவிட்டது என்று பறையறைகின்றது.

இன்னொரு பாடமும் நம் ஆற்றங்கரையிலேயே உண்டு. தோல் பதனிடும் சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த முறையீட்டின்மேல், இந்திய உச்ச நயன்மன்றம் 1996 ஆகத்து 28இல் தீர்ப்பளித்தது. அழுக்குச் செய்தவனே அதனைத் துடைக்கும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அதனை வரவேற்று நாமும் கூட்டம் போட்டோம். ஆனால் நம் மன்றத்தில் அழுக்குச் செய்தவர் பொறுப்பில் இருக்கின்றார். அழுக்கைச் சுட்டிக் காட்டியவர் செலவை ஏற்று வெளியேறினார். ஆற்றுக்கு ஒரு நெறி, பெண்ணுக்கு வேறு நெறியா?

அப்பெண் எவர் மகள் என்பதும் எண்ணத்தக்கது. குழியில் இறங்கி நிற்பவரின் மகள். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் தன்மான இயக்க மாநாடு பெயருக்குப் பின்னால் ஒட்டிய சாதிப்பட்டத்தை வெட்டியெறியச் சொன்னது. பெயரில் வெட்டினோம். முறையிட்டவர் ஊர்த்தெருவைச் சேர்ந்த பெரிய வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால், “சான்று உண்டா?” என்று அவ்வளவு விரைவாகக் கேட்டிருப்போமா? என் நெஞ்சைத் தொட்டுச் சொல்கின்றேன்: கேட்டிருக்க மாட்டோம்.

சில திங்களுக்கு முன் பேருந்து நிறுத்தத்தில் அவரைக் கண்டேன். கையில் மந்திரக் கயிறு கட்டியிருந்தார். என் கண் அங்கே சென்றதை அவரும் கண்டுகொண்டார். பக்கத்து ஊரில் குறி சொல்லும் அம்மையாரிடம் தாய் அழைத்துச் சென்றதாகச் சொன்னார். “நம்பிக்கை ஒன்றும் வந்துவிடவில்லை ஐயா. அங்கே நான் சொல்வதை முழுவதும் கேட்கிறார்கள்” என்றார். என் இருபத்தாறு ஆண்டுச் சொற்பொழிவுகள் அனைத்தும் அவ்வொரு சொல்லின்முன் தூளாயின. குறிசொல்லியிடமிருந்து மக்களை மீட்கப் புறப்பட்ட இயக்கம், ஒரு பெண்ணை நாமே குறிசொல்லியின் வாயிலில் கொண்டுபோய் விட்டிருக்கின்றோம்.

நமக்கென்ன என்பார்க்கு

“இது பகுத்தறிவு மன்றத்தார் சிக்கல், தனித்தமிழ் இயக்கத்தார் நமக்கென்ன?” என்று கேட்கும் அன்பர்களும் இருப்பீர்கள். அண்ணல்தங்கோ சூட்டிய பெயரைத் தாங்கிய பெண்ணைப் பற்றிச் சற்றுமுன் படித்தீர்கள். இருவியக்கமும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள். காலையில் அம்மேடையில் நிற்பவரே மாலையில் நம் மேடையில் நிற்கின்றார். மேலும், நம் அறை மட்டும் தூய்மையா? நம் கூட்டங்களில் மேடையில் எத்தனை பெண்கள் அமர்கின்றனர்? தேநீர் கொணர்வதற்கும் வரவேற்புப் பாட்டுப் பாடுவதற்கும் அன்றி வேறெதற்கு அவர்களை அழைக்கின்றோம்? ஒரு சொல்லின் வேர்மூலத்தில் மூத்த அறிஞரோடு மாறுபட்ட இளைஞனை, சான்று காட்டி மறுக்காமல், “நீ என்ன தமிழ் படித்தாய்?” என்று அமர வைத்ததை யானே கண்டிருக்கின்றேன். பாவாணர் இளமையில் பயின்றதும் பின்னர்த் தமிழ் கற்பித்ததும் இதே ஆம்பூரில்தான். ஒப்பியன் மொழிநூலை அவர் ஆக்கியது பெரியோர் சொன்னதைத் திருப்பிச் சொல்லியா? பல்கலைக்கழகப் பேரறிஞர்கள் முடிந்த முடிபு என்றதை ஐயுற்றன்றோ?

செய்ய வேண்டுவன

வெற்றுப் புலம்பலில் பயனில்லை. ஒவ்வொரு மன்றமும் ஏற்கத்தக்க சிலவற்றை முன்வைக்கின்றேன்.

ஒன்று: பத்துப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடமெல்லாம், பெண்களுக்கு எதிரான முறைகேட்டை உசாவ உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு ஒரு பெண்ணே தலைவர். உறுப்பினருள் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியார் ஒருவரும் உண்டு. 90 நாளுள் உசாவல் முடிய வேண்டும். அப்பெண் வேலை செய்யும் காலணித் தொழிற்சாலைக்கு உள்ள இக்கடப்பாடு, அவரை விடுதலை செய்யப் புறப்பட்ட மன்றத்திற்கு இல்லையா? சட்டம் கட்டாயப்படுத்தினும் கட்டாயப்படுத்தாவிடினும் இத்தகைய குழுவை ஒவ்வொரு மன்றமும் அமைக்க வேண்டும்.

இரண்டு: முறையீடு உசாவப்படும் வரை குற்றஞ் சாட்டப்பட்டவர் பொறுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும். இடமாற்றம் என்பது தீர்வு அன்று, மறைப்பு.

மூன்று: குற்றம் சட்டத்தின்பாற் பட்டதாயின், காவல்துறைக்குச் செல்லும் பெண்ணைத் தடுக்காது, மன்றமே துணைநிற்க வேண்டும்.

நான்கு: செயற்குழுவில் பெண்களும் தோல்தொழிலாளர் குடியிருப்பைச் சேர்ந்தோரும் எண்ணிக்கைக்காக அன்றி முடிவெடுக்கும் உரிமையோடு அமர வேண்டும்.

ஐந்து: ஒவ்வொரு கூட்ட முடிவிலும் வினாநேரம் இருக்க வேண்டும். தலைவரையும் வினவலாம், மறைந்த தலைவரின் கருத்தையும் மறுக்கலாம். வினவியவர்க்கு விடை சொல்ல வேண்டுமேயன்றிப் பட்டம் சூட்டக் கூடாது.

யான் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகின்றேன். அச்செயற்குழுவின் முடிவிற்கு உடன்பட்டது தவறு என்று மன்றத்திற்கு எழுத்தில் தந்துவிட்டேன். முறையான உசாவல் நடக்கும்வரை அம்மேடையில் ஏறுவதில்லை என்றும் எழுதியுள்ளேன். அப்பெண்ணின் வீட்டுக்குச் சென்று, “பொறுத்துக்கொள் என்றது என் குற்றம் அம்மா” என்று சொல்லித் திரும்பினேன். அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்கவில்லை. கேட்க எனக்குத் தகுதியில்லை. “உசாவினால் வருவேன் ஐயா” என்றார், அவ்வளவே.

அன்பர்களே! இந்திய அரசமைப்பே 1976 திருத்தத்தின்வழி, உசாவும் உணர்வையும் சீர்திருத்தத்தையும் வளர்ப்பது குடிமகனின் கடமை என்று எழுதி வைத்துள்ளது. அயலான் வீட்டில் மட்டும் உசாவுக என்று அங்கு எழுதப்படவில்லை. பகுத்தறிவு என்பது பிறன் கண்ணில் தூசு தேடும் கருவி அன்று. தன் கண்ணையும் கழுவிக்கொள்ளும் நீர். நம் மன்றக் கதவைத் தட்டிய கை ஒரு தோல்தொழிலாளியின் மகளது கை. அதற்குக் கதவைத் திறவாத இயக்கம், நாளை எந்தக் கோயிற் கதவைத் திறக்கச் சொல்லிப் போராடும்?

திறப்போம். முதலில் நம் கதவை!